பிளாஸ்டிக்கின் சேர்மானங்களும் பூச்சிகளின் நரம்பும்

புதிய மழைச்சட்டை ஒன்றைக் கடையிலிருந்து வாங்கி வந்து பிரித்தால் குப்பென்று ஒரு நெடி எழுந்து மூக்கில் ஏறும். மேசை விரிப்பு, குளியலறைத் திரை, குழந்தைகள் ஊதி விளையாடும் பொம்மை, புதிய மோட்டார் வண்டியின் இருக்கை ஆகியவற்றிலும் இந்நெடியை உணரலாம். புதுச்சாமானின் வாசனை என்று நாம் அதனைப் பொருட்படுத்துவதில்லை. ஒரு பொருள் மணக்கிறது என்றால், அதிலிருந்து ஏதோ ஒன்று பிரிந்து காற்றில் கலக்கிறது என்பதே கருத்து. அவ்வாறு பிரிந்து வருவது பெரும்பாலும் பிளாஸ்டிக்கு அன்று. அதனோடு சேர்த்துப் பிசைந்த வேறு சரக்குகளே. மணம் காட்டாமல் வெளியேறும் சரக்குகளும் உண்டு.

அச்சரக்குகளைச் சேர்மானங்கள் என்று குறிப்போம். சித்த மருத்துவர் ஒரு சூரணத்துக்குச் சேர்மானம் சொல்வது போலவே, ஆலைக்காரரும் மென்மைக்கு ஒன்று, தீப்பற்றாமைக்கு ஒன்று, வெயிலில் வெளிறாமைக்கு ஒன்று, நிறத்துக்கு ஒன்று என்று கணக்கிட்டுச் சேர்க்கின்றார். இவற்றால் மனிதர்க்கு நேரும் தீங்கினைப் பற்றிப் பலரும் எழுதி வருகின்றனர். பூச்சிகளுக்கு, அதிலும் அவற்றின் நரம்பு மண்டலத்துக்கு, என்ன நேர்கிறது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஆனால் பழைய ஏடுகளைப் புரட்டிப் பார்ப்பார்க்கு ஒன்று புலப்படும். இச்சேர்மானங்களுள் சில பூச்சிகளுக்குப் புதியவை அல்ல. பூச்சிகளை விரட்டவும் கொல்லவும் மனிதன் கையாண்ட சரக்குகளுக்கு அவை உடன்பிறப்புகள். சில இடங்களில் அதே சரக்குதான்.

நெகிழ வைப்பது எது?

நெகிழி என்னும் சொல் இப்பொழுது தமிழில் ஊன்றிவிட்டது. அழகிய சொல்தான். ஆயினும், பிளாஸ்டிக்குகளுள் பல இயல்பாக நெகிழ்வன அல்ல என்பதை ஆசிரியர்கள் மாணவர்க்குச் சொல்லித் தருதல் நன்று. பி.வி.சி. எனப்படும் பாலிவினைல் குளோரைடு தனித்து நின்றால் விறைத்தே நிற்கும். வீட்டிலுள்ள தண்ணீர்க் குழாயே இதற்குச் சான்று. அதே பொருள் மழைச்சட்டையாக மடிகிறது என்றால், அதனுள் புகுத்திய நெகிழ்வூட்டியே காரணம். சிக்கெடுக்க முடியாத கூந்தலில் எண்ணெய் தடவினால் இழைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி விலகுகின்றன அல்லவா? அதுபோன்று, நீண்ட சங்கிலிகளாய்ப் பின்னிக் கிடக்கும் மூலக்கூறுகளுக்கு இடையில் இந்த எண்ணெய் போன்ற திரவம் நுழைந்து அவற்றை வழுக்கச் செய்கின்றது. மென்மையான பி.வி.சி. பண்டம் ஒன்றின் எடையில் 30 முதல் 40 விழுக்காடு வரை நெகிழ்வூட்டியாகவே இருப்பதுண்டு. அத்துணைப் பெரும் பங்கு இருந்தும், அது பிளாஸ்டிக்கோடு இரசாயனப் பிணைப்புக் கொள்வதில்லை. இடையில் தங்கியிருக்கின்றது, அவ்வளவே. வெப்பமும் காலமும் சேர்ந்தால் வெளியேறிவிடும். பழைய மேசை விரிப்பு விறைத்து வெடிப்பதற்கு இதுவே காரணம்.

பெருவாணிகம் கண்ட முதல் பிளாஸ்டிக்குகளுள் ஒன்று செல்லுலாய்டு. அமெரிக்கராகிய ஜான் வெஸ்லி ஹயட் என்பார் 1870ஆம் ஆண்டில் அதனைச் செய்யும் முறைக்கு உரிமை பெற்றார். சீப்பு, பொம்மை, சட்டைக் கழுத்துப்பட்டி, பின்னர்த் திரைப்படச் சுருள் என்று அது உலகெங்கும் பரவிற்று. அதில் நெகிழ்வூட்டியாக நின்றது எது தெரியுமா? நம்முடைய கற்பூரமே! துணிப்பெட்டியில் கற்பூர வில்லை இட்டுப் பூச்சியை விரட்டிய பாட்டிமாரும், செல்லுலாய்டு ஆலைக்காரரும் ஒரே சரக்கினை வெவ்வேறு வேலைக்குக் கொண்டனர். கற்பூரம் என்றதும் இப்பகுதி வாசகர்க்கு வேறொன்றும் நினைவுக்கு வரலாம். சுமத்திராவின் பாரூசு துறைமுகத்தை அடுத்த லோபுத்துவா என்னும் ஊரில் 1088ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ் வணிகர் கல்வெட்டு ஒன்று கண்டெடுக்கப்பட்டுள்ளது. பாரூசு கற்பூரத்துக்குப் பெயர் பெற்ற துறை. ஆனால் அக்கற்பூரம் வேறொரு மரத்தினது. ஆலைக்குச் சென்றதோ பெரும்பாலும் தைவான் தீவின் கற்பூரம். இரண்டும் இரசாயன முறையில் நெருங்கிய உறவுடையன.

போர்க்களத்தில் நெகிழ்வூட்டிகள்

கற்பூரத்துக்குப் பின்னர் வந்தவை தாலேட்டுகள் என்னும் குடும்பத்தைச் சேர்ந்த திரவங்கள். இக்குடும்பத்தின் இளையவராகிய டைமெத்தில் தாலேட்டு பிளாஸ்டிக்கை மென்மையாக்கவும் பயன்பட்டது. கொசுவை விரட்டவும் பயன்பட்டது. 1929ஆம் ஆண்டிலேயே அதன் விரட்டும் ஆற்றல் அறியப்பட்டிருந்தது. இரண்டாம் உலகப் போரில் நேசநாட்டுப் படைவீரர்கள் மலேரியாவுக்கு அஞ்சிக் கையிலும் முகத்திலும் பூசிக்கொண்ட தைலங்களில் முதன்மையான சரக்கு அது.

அதன் உறவினராகிய டைபியூட்டைல் தாலேட்டின் கதை நம் நாட்டோடு நெருங்கிய தொடர்புடையது. புதர்க் காய்ச்சல் என்றும் உண்ணிக் காய்ச்சல் என்றும் சொல்லப்படும் நோய், புல்லிலும் புதரிலும் பதுங்கியிருக்கும் கண்ணுக்கு எளிதில் புலப்படாத சிற்றுண்ணிகளால் பரவுவது. மலாயாவின் செம்பனைத் தோட்டங்களில் உழைத்தோரிடையே இந்நோய் கண்டதும், கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தார் 1920களிலும் 1930களிலும் அதனை நுணுகி ஆய்ந்ததும் மருத்துவ வரலாற்றில் இடம்பெற்ற செய்திகள். போரின்போது நியூகினிக் காடுகளில் ஆஸ்திரேலியப் படையினர் இக்காய்ச்சலால் மடிந்தனர். அப்பொழுது மக்குல்லக் என்னும் ஆஸ்திரேலியப் பூச்சியியல் அறிஞர், டைபியூட்டைல் தாலேட்டைச் சீருடையில் தேய்த்துக்கொண்டால் உண்ணி ஏறாது என்று கண்டார். ஏறிய உண்ணியும் சிறிது நேரத்தில் செயலற்று வீழ்ந்தது. சீருடையைத் துவைத்த பின்னரும் அவ்வாற்றல் ஓரளவு எஞ்சியிருந்தது. பின்னர் 1948ஆம் ஆண்டில் கோலாலம்பூரிலேயே குளோராம்பெனிக்கால் என்னும் மருந்து இந்நோயைத் தீர்க்கும் என்று மெய்ப்பிக்கப்பட்டது. அதற்கு முன்னர் வீரர்களைக் காத்த கவசம் ஒரு பிளாஸ்டிக்குச் சேர்மானமே என்பதை இன்று எவரும் நினைப்பதில்லை. உண்ணி, முறைப்படி பூச்சி அன்று, சிலந்தி இனத்தது. ஆயினும் நரம்பின் அமைப்பில் இரண்டும் ஒரே வழியினவே.

இந்த உறவு மறுபுறமும் செல்கின்றது. 1946ஆம் ஆண்டில் அமெரிக்கப் படைக்கென உருவாக்கப்பெற்று இன்றளவும் விற்கும் டீட் என்னும் கொசு விரட்டியைப் பூசிய கையால் கைக்கடிகாரத்தின் பிளாஸ்டிக்குக் கண்ணாடியையோ மூக்குக் கண்ணாடிச் சட்டத்தையோ தொட்டால் அது மங்கி இளகிவிடும். பிளாஸ்டிக்கின் சங்கிலிகளுக்குள் நுழைய வல்லதும் கொசுவின் உணர்கொம்புக்குள் நுழைய வல்லதும் ஏறத்தாழ ஒரே தன்மையுடைய பொருள்கள்: நீரில் கரையாமல் எண்ணெயில் கரையும் சிறு மூலக்கூறுகள்.

பூச்சியின் மேனி மெழுகு

எண்ணெயில் கரையும் தன்மை ஏன் இத்துணை முக்கியம்? பூச்சியின் மேல்தோல் உலர்ந்து கெட்டியான ஓடு. நீர் ஆவியாகி உயிர் போகாமல் இருக்க அவ்வோட்டின் மேல் மெல்லிய மெழுகுப் பூச்சு உண்டு. நீரைத் தடுக்கும் அம்மெழுகு எண்ணெய்ச் சரக்குகளை உறிஞ்சி வைத்துக்கொள்கின்றது. உருவம் சிறுக்கச் சிறுக்க, எடையை நோக்க மேனியின் பரப்பு மிகும் என்பது கணக்கு ஆசிரியர் அறிந்ததே. ஆகவே யானைக்கு ஒரு பொருட்டல்லாத தூசு எறும்புக்குப் பெருஞ்சுமை. அன்றியும், பூச்சிக்கு நுரையீரல் இல்லை. பக்கவாட்டுத் துளைகளிலிருந்து கிளைவிட்டுச் செல்லும் காற்றுக் குழாய்கள் நேரே ஒவ்வொரு திசுவுக்கும், நரம்புக்கும் காற்றைக் கொண்டு சேர்க்கின்றன.

பிரான்சு நாட்டின் தூர் நகரப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் எறும்புகளின் மேனி மெழுகைச் சோதித்து 2012ஆம் ஆண்டில் ஓர் ஆய்வினை வெளியிட்டனர். எறும்புகள் ஒன்றையொன்று இனங்காண்பது மெழுகின் மணத்தைக் கொண்டுதான். அதனை அளக்கப் புகுந்தவர்கள், மெழுகில் தாலேட்டுகள் இருக்கக் கண்டனர். ஆய்வுக்கூடப் புட்டிகளிலிருந்து ஒட்டியிருக்கும் அழுக்கு என்று முதலில் ஒதுக்கத் தோன்றுவது இயல்பு. ஆனால் அவை காற்றின் வழியே வந்து எறும்பின் மேனியில் தங்கியவை என்று தெளிவாயிற்று. 2016ஆம் ஆண்டில் தென்னமெரிக்காவிலுள்ள பிரெஞ்சு கயானாவின் மழைக்காட்டு எறும்புகளிலும் அவற்றைக் கண்டனர். ஆலை இல்லை, கடைத்தெரு இல்லை. ஆயினும் எறும்பின் மேல் நெகிழ்வூட்டி இருந்தது.

இருந்தால் என்ன? அது நரம்பை என்ன செய்யும் என்பதே நம் வினா. அதற்கு நரம்பின் அமைப்பினைச் சிறிது அறிந்துகொள்ளல் வேண்டும்.

வயிற்றோரம் ஓடும் நரம்பு

நமக்கு முதுகுத்தண்டில் ஓடும் நரம்பு வடம் பூச்சிக்கு வயிற்றுப்புறமாக ஓடுகின்றது. தலையில் ஒரு மூளை. அதன்கீழ்ப் பகுதிதோறும் ஒரு நரம்பு முடிச்சு. கால்களை ஆட்டும் ஆணையில் பெரும்பகுதி மார்பிலுள்ள முடிச்சுகளிலேயே பிறக்கின்றது. தலை இழந்த கரப்பான் பூச்சி கால்களை அசைத்துக்கொண்டு நாள்கணக்கில் உயிர்வாழ்வதன் மருமம் இதுவே. மூளை சிறிதுதான். பழ ஈயின் மூளையில் ஏறத்தாழ 1,39,000 நரம்பணுக்கள் இருப்பதையும், அவை 5 கோடிக்கு மேற்பட்ட சந்திகளில் ஒன்றோடொன்று இணைவதையும் பன்னாட்டு அறிஞர் குழு ஒன்று 2024ஆம் ஆண்டில் முழுமையாக வரைபடமாக்கிக் காட்டிற்று. தேனீக்கு ஏறத்தாழ 10 இலட்சம். மனிதர்க்கு 8,600 கோடி. பத்து இலட்சத்தைக் கொண்டு தேனீ வழியறிகின்றது, பூவின் நிறமும் மணமும் நினைவில் வைக்கின்றது, கூட்டுக்கு வந்து ஆடிக்காட்டித் தோழியர்க்குத் திசை சொல்கின்றது. இத்துணைச் சிக்கனமான எந்திரத்தில் ஒரு திருகு தளர்ந்தாலும் வேலை கெடும்.

ஒரு நரம்பணுவுக்கும் அடுத்ததற்கும் இடையில் சிறு இடைவெளி உண்டு. செய்தியை அவ்விடைவெளியின் இக்கரையிலிருந்து அக்கரைக்குக் கொண்டு செல்லும் ஓடக்காரன் அசெட்டைல்கோலின் என்னும் பொருள். பூச்சியின் மூளையிலும் வடத்திலும் கிளர்ச்சியூட்டும் செய்திகளைக் கடத்துவது பெரும்பாலும் இதுவே. செய்தி சேர்ந்ததும் ஓடக்காரனை உடனே அப்புறப்படுத்த வேண்டும். இல்லையேல் அதே செய்தி ஓயாமல் ஒலித்துக்கொண்டே இருக்கும். அப்புறப்படுத்தும் வேலையை அசெட்டைல்கோலினெஸ்டரேஸ் என்னும் நொதி செய்கின்றது. ஒரு மூலக்கூறு நொடிக்கு ஆயிரக்கணக்கான ஓடக்காரர்களைப் பிளந்து தள்ளுகின்றது. இந்நொதியை முடக்கினால் பூச்சி முதலில் பரபரக்கும். பின்னர்க் கால்கள் நடுங்கும். மல்லாந்து வீழ்ந்து உதைத்துக்கொண்டு இறக்கும். ஆர்கனோபாஸ்பேட்டு எனப்படும் பூச்சிக்கொல்லிகள் யாவும் இவ்வழியே கொல்கின்றன. ஜெர்மானியராகிய கெர்ஹார்டு ஷ்ராடர் 1930களில் தொடங்கிய ஆராய்ச்சியில் பிறந்தவை அவை. மனிதரைக் கொல்லும் நச்சுவாயுக்களும் அதே ஆராய்ச்சியில் பிறந்தன என்பது வேதனைக்குரிய துணைச்செய்தி.

காவலனைக் கட்டிப்போடும் சரக்கு

ஆர்கனோபாஸ்பேட்டுகள் பூச்சிக்கொல்லியாக மட்டும் விற்கப்படுவன அல்ல. தீயை அடக்குவதற்கும் பிளாஸ்டிக்கை இளக்குவதற்கும் அதே குடும்பத்துச் சரக்குகள் நெடுங்காலமாகச் சேர்மானமாக இருந்து வருகின்றன. அவற்றுள் ஒன்று டிரை ஆர்த்தோ கிரெசைல் பாஸ்பேட்டு. அமெரிக்காவில் மதுவிலக்கு நிலவிய 1930ஆம் ஆண்டில், இஞ்சிச் சாரம் என்று மருந்துக்கடையில் விற்ற மதுவில் கலப்படக்காரர்கள் இந்நெகிழ்வூட்டியைக் கலந்துவிட்டனர். குடித்தவர்களுள் பல்லாயிரவர்க்குச் சில வாரங்களில் கால்கள் செயலிழந்தன. 1959ஆம் ஆண்டில் மொரோக்கோ நாட்டின் மெக்னெஸ் நகரில் இதே சரக்குக் கலந்த எந்திர எண்ணெயைச் சமையல் எண்ணெயோடு கலந்து விற்றதால் ஏறத்தாழ 10,000 பேர் முடமாயினர். பிளாஸ்டிக்குச் சேர்மானம் ஒன்று நரம்பைக் கெடுக்க வல்லது என்பதற்கு மனிதகுலம் கொடுத்த விலை அது.

இப்படிப்பட்ட நஞ்சு பூச்சியை நொடியில் மாய்க்கும் என்று எண்ணத் தோன்றும். அதுதான் இல்லை! தனித்து அளித்தால் அது பூச்சிக்கு மிக வலுவற்ற நஞ்சு. அதன் தங்கையாகிய டிரைபினைல் பாஸ்பேட்டும் அவ்வாறே. ஓடக்காரனை அப்புறப்படுத்தும் நொதியில் இவை நன்கு பொருந்துவதில்லை. இங்கேதான் விஷயத்தின் நுட்பம் இருக்கின்றது.

மாலத்தியான் என்னும் பூச்சிக்கொல்லி 1950ஆம் ஆண்டளவில் சந்தைக்கு வந்தது. கொசுவுக்குக் கொடியது, மனிதர்க்கு ஒப்புநோக்கில் பாதுகாப்பானது. மனிதரிடமும் ஏனைய பாலூட்டிகளிடமும் கார்பாக்சிலெஸ்டரேஸ் என்னும் மற்றொரு நொதி மிகுதியாக உள்ளது. அது மாலத்தியானை நரம்புக்குச் செல்லுமுன் பிளந்துவிடுகின்றது. நரம்பின் வாயிற்காவலன் என்று அதனைச் சொல்லலாம். சில ஆண்டுகளுக்குள் கலிபோர்னியாவின் பிரெஸ்னோ வட்டாரக் கொசுக்களில் மாலத்தியானுக்கு மசியாத கூட்டம் தோன்றிற்று. ஆராய்ந்தபொழுது, அக்கொசுக்களும் அதே காவலனை வலிமையாகப் பெற்றிருந்தன. மாலத்தியானோடு டிரைபினைல் பாஸ்பேட்டைச் சேர்த்துக் கொடுத்தபொழுது, மசியாத கொசுக்கள் மசிந்தன. பிளாஸ்டிக்கை இளக்கும் அந்தச் சரக்கு காவலனைக் கட்டிப்போட்டது. திறந்த வாயில் வழியே மாலத்தியான் நரம்புக்குள் நுழைந்தது. மாலத்தியானை ஒரு கொசுக்கூட்டம் எதனால் தாங்குகின்றது என்று அறிய விரும்பும் ஆய்வுக்கூடங்கள் இன்றும் இச்சரக்கைக் கருவியாகக் கொள்கின்றன.

காவலன் கட்டுண்டால் மனிதர்க்கும் இதே கதிதான். 1976ஆம் ஆண்டில் பாகிஸ்தானில் மலேரியா ஒழிப்புக்காக மாலத்தியான் தெளித்த 7,500 தொழிலாளர்களுள் ஏறத்தாழ 2,800 பேர் நஞ்சுற்றனர், ஐவர் மாண்டனர். மாலத்தியான் பழுதாகித் தோன்றிய ஒரு மாசு, மனித உடலின் கார்பாக்சிலெஸ்டரேஸை முடக்கியதே அதற்குக் காரணம். அங்கே செயல்பட்டது பிளாஸ்டிக்குச் சரக்கு அன்று. ஆனால் செயல்பட்ட முறை அதுவே.

ஆகவே, 'இச்சேர்மானம் பூச்சியைக் கொல்லுமா?' என்று மட்டும் வினவினால் 'கொல்லாது' என்ற விடையே கிட்டும். அவ்விடை மெய்யாகவும் இருக்கும். ஆனால் வயலிலும் தோட்டத்திலும் வாழும் பூச்சி ஒரு சரக்கை மட்டுமா சந்திக்கின்றது? தேனீயின் மரபணுத் தொகுதியை 2006ஆம் ஆண்டில் படித்தறிந்தபொழுது, நஞ்சை முறிக்கும் நொதிகளுக்கான மரபணுக்கள், பழ ஈயிலும் கொசுவிலும் இருப்பதில் ஏறத்தாழப் பாதியளவே அதற்கு உள்ளன என்று தெரிந்தது. காவலர் குறைந்த கோட்டை அது.

இக்கவலைக்கு இன்றைய காரணம் ஒன்றுண்டு. புரோமின் கலந்த பழைய தீத்தடுப்புச் சரக்குகள் பலவற்றை ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை 2009ஆம் ஆண்டிலும் அதன் பின்னரும் விலக்கிவிட்டது. நல்ல செயல். விட்ட இடத்தை நிரப்ப வந்தவற்றுள் ஆர்கனோபாஸ்பேட்டுச் சேர்மானங்கள் முன்வரிசையில் நிற்கின்றன. டிரைபினைல் பாஸ்பேட்டு இப்பொழுது வீட்டுத் தூசியிலும் காணப்படுகின்றது. நகப்பூச்சிலும் நெகிழ்வூட்டியாக அது சேர்க்கப்பட்டதுண்டு. ஆயினும் அளவினை மறந்து பேசுதல் தகாது. ஆய்வுக்கூடத்தில் கொசுவின் காவலனைக் கட்ட எடுத்துக்கொள்ளும் அளவுக்கும் வீட்டுத் தூசியில் கிடக்கும் அளவுக்கும் இடைவெளி பெரிது.

கூட்டுக்குள் உருவாகும் மூளை

இதுவரை சொன்னது, உருவாகி முடிந்த நரம்பைப் பற்றி. உருவாகும்பொழுதே நரம்பின் போக்கை மாற்றும் சரக்கும் உண்டு. பிஸ்பினால் ஏ என்பது பாலிகார்பனேட்டு என்னும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்குக்கு மூலப்பொருள். அங்கே அதனைச் சேர்மானம் என்பது பொருந்தாது. பி.வி.சி.யில் கெடாமல் காக்கும் சேர்மானமாகவும், பற்றுச்சீட்டுத் தாளில் எழுத்துத் தோன்றச் செய்யும் பூச்சாகவும் அது பயன்பட்டதுண்டு.

புழு கூட்டுக்குள் உறங்கி வண்ணத்துப்பூச்சியாகவோ ஈயாகவோ வெளிவருவதை நாம் இறகு முளைக்கும் செயலாகவே எண்ணுகின்றோம். மூளையும் உள்ளே மாறுகின்றது. தவழ்ந்த உயிர் பறக்க வேண்டும். இலையை உண்டது தேனைத் தேட வேண்டும். அதற்கேற்பப் பழைய நரம்புக் கிளைகள் கத்தரிக்கப்பட்டுப் புதிய கிளைகள் விடப்படுகின்றன. இந்தக் கவாத்து வேலைக்கு நேரம் குறித்து ஆணையிடுவது எக்டைசோன் என்னும் இயக்குநீர். மணத்தை நினைவில் வைக்கும் காளான் வடிவ மூளைப்பகுதியும் இவ்வாணைக்கு உட்பட்டதே. மீன் வளர்ப்போர் இரையாக இடும் செம்புழுவை பிஸ்பினால் ஏ கலந்த நீரில் விட்டபொழுது, எக்டைசோனை ஏற்கும் ஏற்பியின் மரபணு மிகுதியாக இயங்கியதை ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் 2008ஆம் ஆண்டில் கண்டனர். ஆணையிடும் கட்டமைப்பிலேயே இச்சரக்குக் கைவைக்கின்றது என்பது இதனால் விளங்கும்.

பழ ஈயின் உணவில் இதனைக் கலந்து வளர்த்த ஆய்வுகளும் உண்டு. 2015ஆம் ஆண்டில் வெளியான ஒன்றில், அவ்வாறு வளர்ந்த ஈக்களின் நடமாட்டமும், கால்களால் மேனியைத் துடைத்துக்கொள்ளும் பழக்கமும், பிற ஈக்களோடு காக்கும் இடைவெளியும் மாறியிருந்தன. 2022ஆம் ஆண்டில் கலிபோர்னியாவிலிருந்து வெளியான மற்றொன்றில், கற்றலும் நினைவும் பழுதுற்றன. நரம்பு தசையைச் சேருமிடத்தில் சந்திகளின் வடிவமும் மாறியிருந்தது. ஈக்கள் சாகவில்லை. பார்வைக்கு நலமாகவே பறந்தன.

செய்தித்தாளில் 'பிளாஸ்டிக்கால் பூச்சியினமே அழிகிறது' என்று எழுதுவோர்க்கு மறுபக்கத்தையும் காட்ட வேண்டியுள்ளது. தெர்மக்கோல் எனப்படும் பாலிஸ்டைரீன் நுரையைத் தின்று வாழும் மாவுப்புழுக்களை அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் சோதித்தனர். அந்நுரையில் எச்.பி.சி.டி. என்னும் தீத்தடுப்புச் சேர்மானம் இருந்தது. புழுக்கள் அதில் ஏறத்தாழ 90 விழுக்காட்டை 24 மணி நேரத்திலும், எஞ்சியதை 48 மணி நேரத்திற்குள்ளும் கழிவோடு வெளியேற்றிவிட்டன. புழுக்களுக்கு ஊறு எதுவும் புலப்படவில்லை. 2019ஆம் ஆண்டின் இறுதியில் வெளியான முடிவு இது. எல்லாச் சேர்மானமும் எல்லாப் பூச்சியின் உடலிலும் தங்குவதில்லை. சரக்கு எது, பூச்சி எது, வளர்ச்சியின் எந்தக் கட்டம், வேறு எந்த நஞ்சு உடன் வந்தது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தே முடிவு கூற இயலும்.

நாக்கை நீட்டும் தேனீ

சாகாமல் மதி மயங்கிய பூச்சியை எவ்வாறு கண்டுபிடிப்பது? பூச்சிக்கொல்லிகளைச் சோதிக்கும் பழைய முறை, எத்தனை செத்தன என்று எண்ணுவது. அம்முறைக்கு அகப்படாத கேட்டினை அளக்க ஒரு நேர்த்தியான வழியை ஜப்பானிய அறிஞர் குவாபாரா 1957ஆம் ஆண்டிலேயே காட்டியிருந்தார். தேனீயைத் தலை மட்டும் வெளியே தெரியுமாறு சிறு குழலில் பொருத்துகின்றனர். உணர்கொம்பில் சர்க்கரை நீர் பட்டதும் அது நாக்கை நீட்டும். சர்க்கரை நீருக்குச் சற்று முன்னர் ஒரு மணத்தை ஊதுகின்றனர். இரண்டு மூன்று முறைக்குள், சர்க்கரை இல்லாமலே, அம்மணம் வந்த மாத்திரத்தில் தேனீ நாக்கை நீட்டக் கற்றுக்கொள்கின்றது. நரம்பு பழுதுற்ற தேனீக்கு மணமும் தெரியலாம், சர்க்கரையும் தெரியலாம். இரண்டையும் பிணைத்து நினைவில் வைப்பதுதான் இயலாது. பிளாஸ்டிக்குத் துணுக்குகளை ஊட்டிய தேனீக்களிடம் இச்சோதனையைச் சில ஆண்டுகளாக நடத்தி வருகின்றனர். சேர்மானங்களைத் தனித்தனியே எடுத்து இவ்வாறு சோதிப்பதே இனிச் செய்ய வேண்டிய பணி.

மலேசியாவில் இதற்கு இன்னொரு பூச்சியும் காத்திருக்கின்றது. 1981ஆம் ஆண்டுக்கு முன்னர்ச் செம்பனையின் பூக்களுக்கு மகரந்தத் தூளைத் தோட்டத் தொழிலாளர்கள் கையாலேயே தூவி வந்தனர் என்பதைப் பழைய தோட்டக் குடும்பத்தார் அறிவர். அவ்வாண்டில் கெமரூன் நாட்டிலிருந்து கொணர்ந்த, அரிசி மணியினும் சிறிய வண்டு ஒன்று ஜொகூரின் குளுவாங் வட்டாரத்தில் விடப்பட்டது. அன்று முதல் அந்த வேலை அதனுடையது. செம்பனைப் பூ சோம்பு போல மணக்கும். ஆண்பூவில் பிறந்து வாழும் வண்டு, அம்மணத்தைப் பின்பற்றிப் பெண்பூவுக்கும் சென்று தூளைச் சேர்க்கின்றது. மணத்தை அறியாத வண்டு உயிரோடிருந்தும் மரத்துக்குப் பயனில்லை. நீட்டிக் காட்ட அதற்குத் தேனீயின் நாக்கு இல்லாமையால், ஆய்வாளர்கள் கவைக் கம்பு போன்ற கண்ணாடிக் குழாயைக் கொள்வர். ஒரு கிளையில் சோம்பு மணத்தை விடுவர். மற்றதில் வெறுங்காற்றை விடுவர். வண்டினை அடியில் விட்டு, அது கவையினை அடைந்ததும் எப்பக்கம் திரும்புகின்றது என்று பார்ப்பர்.